தமிழ் தெரியாத மிஸ்

போன மாதம் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். சென்னையிலிருந்து இங்கே கனடாவில் மொன்றியலுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பிள்ளை. நான் வேலை செய்து ஓய்வு பெற்ற அதே ஆங்கில வகுப்பில் இப்போது சனிக்கிழமைகளில் உதவி ஆசிரியையாக நிற்கிறாள்.

"ஆன்ட்டி, ஒரு டவுட். இப்ப கிளாஸ்ல எல்லாரும் ஃபோனைத் தூக்கி வச்சு டிரான்ஸ்லேட் பண்ணிக்கிறாங்க. ரெண்டு இலங்கைத் தமிழம்மா வேற புதுசா வந்திருக்காங்க. நான் அவங்ககிட்ட தமிழ்ல பேசலாமா, கூடாதா? உங்க காலத்துல ரூல் என்ன?"

"ரூல் இருந்தது பிள்ளை."

"என்ன ரூல்?"

"எனக்குத் தமிழ் தெரியாது. அதுதான் ரூல்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். விளங்கப்படுத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு மெத்ரோ ரயில் வந்துவிட்டது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? பேசு என்றா, பேசாதே என்றா? இவ்வளவு காலம் அந்த வேலையைச் செய்தும் எனக்கு அது தெளிவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா நோயில் விழுந்தார், வீட்டில் ஒருவர் நிற்கவேண்டும், மூத்தவள் நான், அவ்வளவுதான் கதை. பிறகு நீர்கொழும்பில் ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் வேலை. அங்கே கண் பார்வை மங்கிப்போன வெளிநாட்டுச் சகோதரி ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னேரங்களில் ஆங்கிலப் பத்திரிகை வாசித்துக் காட்ட ஆள் தேவைப்பட்டது. கை சும்மா இருந்தது எனக்குத்தான். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவர் கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். அவருக்கு மரண அறிவித்தல்கள்தான் விருப்பம். அதனால் நான் ஆங்கிலத்தில் முதலில் நன்றாகப் பழகிய சொற்கள் எல்லாம் செத்தவர்களைப் பற்றியவை. சகோதரி காலமான பிறகு மடத்தின் பாலர் வகுப்பில் ரீச்சருக்குத் துணையாக நின்றேன். என் பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

அந்தச் சபைக்கு மொன்றியலிலும் ஒரு மடம் உண்டு. வில்லரே என்ற பகுதியில், ஒரு மாதா கோயிலின் நிலவறையில், புதிதாக வந்த குடியேறிகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்தினார்கள். உதவிக்கு நின்றவர் விலகிவிட்டார், ஆங்கிலம் தெரிந்த நம்பிக்கையான பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் மடத்தின் பெரிய தாயார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் இருக்கும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. விமானத்தில் முழு வழியும் ஒரே யோசனை: என்னுடைய சான்றிதழ் எங்கே என்று யாராவது கேட்டால்? ஆங்கிலம் படிப்பிக்க வந்தவள் எட்டாம் வகுப்பு என்று தெரிந்தால் அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்களா, அல்லது டிக்கெட் காசையும் கேட்பார்களா?

வந்து இறங்கிய மறுநாள் பால் வாங்கப் போனேன். இங்கே மூலைக்கடையை டெபனர் என்கிறார்கள். வழி முழுக்க ஒரு ஆங்கில வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் "பொன்ஜூர்" என்று தொடங்கி ஏதோ நீளமாகச் சொன்னார். பஸ் சாரதியும் அப்படித்தான். அறிவிப்புப் பலகைகளும் அப்படித்தான். இந்த ஊரில் எல்லோரும் பிரெஞ்சு கதைக்கும்போது எதற்காக ஆங்கிலம் படிப்பிக்க என்னை இவ்வளவு தூரத்திலிருந்து கூட்டிவந்தார்கள்? ஊரை மாற்றி இறக்கிவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பெரிய ஆசிரியை மிஸிஸ் ஆலிஸ். அரசாங்கப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து கறுப்புத் துணிச் செருப்பு ஒன்றை எடுத்துப் போடுவார். பலகையில் எழுதும் சோக்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றித்தான் பிடிப்பார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நல்லது நடந்தால் "லவ்லி" என்பார். கதிரையை நான் தவறான இடத்தில் வைத்தாலும் அதே "லவ்லி"தான். எது புகழ்ச்சி, எது ஏச்சு என்று பிரித்தறிய எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. கோபத்தில் சொல்லும் லவ்லிக்குப் பிறகு மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவார். அதுதான் அடையாளம்.

வேலை ஒழுங்கு இப்படி. ஒன்பது மணிக்கு முன்னால் போய்க் கதிரைகளை வளைவாக அடுக்க வேண்டும். வாசலோர மேசையில் மாணவர்களின் பெயர் அட்டைகளைப் பரப்ப வேண்டும். வருகிறவர் தன் அட்டையைத் தானே தேடி எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். தேத்தண்ணிக்கு இடைவேளையில் மட்டும் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். மிஸிஸ் ஆலிஸ் பலகையில் படிப்பிக்க, நான் கதிரைகளுக்குப் பின்னால் நடந்து திரிந்து உச்சரிப்பைத் திருத்த வேண்டும்.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். எனக்கு முன்னால் இருந்த உதவியாளர் பெரு நாட்டுக்காரி. ஸ்பானிய மொழிக்காரர் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, கொஞ்ச நாளில் வகுப்பே ஸ்பானிய வகுப்பாகிவிட்டதாம். "இந்த அறைக்குள் உனக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். உன் மொழியில் யாராவது பேசினால் உனக்கு விளங்கவில்லை. முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினேன். என்னுடைய வேலை அனுமதி அந்த வகுப்போடு பிணைந்திருந்தது. தலைகீழாக நில் என்றிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தமிழர் இரண்டு பேர் இருந்தார்கள். தவமணி அக்கா யாழ்ப்பாணம், வடமராட்சி. சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை, வாயில் எப்போதும் ஒரு பகிடி. பக்கத்தில் புஷ்பம் அக்கா. வன்னியிலிருந்து வந்தவர். ஒரு ஹொட்டேலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. அதிகம் பேசாதவர்.

முதல் நாளே தவமணி அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "மிஸ் தமிழோ?"

விளங்கவில்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

அவர் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "மலையாளியாக்கும். முகத்தைப் பார், நல்ல தமிழ் முகம். வீணாப் போச்சு."

அந்த வாரமே தேத்தண்ணி ஊற்றும்போது கொதிநீர் கையில் பட்டு, "ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டேன். உடனே திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் மேலே இருந்த சின்ன ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை என்று நிம்மதியானேன். இன்னொரு நாள் என் முதுகுக்குப் பின்னால், "பாவம் மிஸ், சுவெற்றரைப் பின்பக்கம் முன்னால போட்டுக்கொண்டு வந்திருக்கிறா" என்று தவமணி அக்கா சொல்வது கேட்டது. நான் கொஞ்ச நேரம் பொறுத்து, இருமுவதுபோல் இருமி, கழிவறைக்குப் போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தேன். மிகவும் கெட்டித்தனமாகச் செய்துவிட்டதாக நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்குப் போகவும் பயம். அங்கே யாராவது கண்டு வகுப்பில் சொல்லிவிட்டால்? பிரெஞ்சுப் பூசைக்குப் போனேன். தமிழ் தெரியாது என்று பொய் சொல்கிறேனே, அது பாவமா என்று அங்கே பாவசங்கீர்த்தனத்தில் ஆங்கிலத்தில் கேட்டேன். சுவாமி பிரெஞ்சில் பதில் சொன்னார். மன்னித்தாரா, ஏசினாரா என்று இன்றுவரை தெரியாது.

இனிப் புஷ்பத்தின் கதை. அவருடைய ஒரே மகள் திருச்சிப் பக்கம் அகதி முகாமில் இருந்தாள். அங்கேயே கலியாணமும் முடிந்துவிட்டது, தாய் பார்க்கவில்லை. புஷ்பத்திடம் இருந்த அகதிப் பத்திரத்துக்கு இந்திய விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். கனடாப் பிரஜாவுரிமை எடுத்தால்தான் போகலாம். அதற்கு ஒரு எழுத்துச் சோதனை எழுத வேண்டும். பிரெஞ்சு அவருக்கு ஏறவில்லை, ஆங்கிலத்தில் எடுக்கலாம் என்றுதான் இந்த வகுப்புக்கு வந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் கதிரைக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் அவர் தவமணி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ் தெரியாத மிஸ்ஸுக்கு முன்னால் என்ன பயம் என்று கதைக்கிறார்கள், நான் களவாகக் கேட்கிறேனே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் காதை மூடவா முடியும்?

ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். புஷ்பம் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். ஆனால் பெயர் அட்டையை எடுக்க மாட்டார். கோட்டைக் கழற்றுவார், மாட்டுவார், கையுறையைத் தேடுவார். எல்லோரும் எடுத்து முடிந்து மேசையில் ஒரே ஒரு அட்டை மிஞ்சியதும் போய் எடுத்துக் குத்திக்கொள்வார். அது அவருடைய ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு பனிப்புயல் நாளில் ஒருவர் வராததால் இரண்டு அட்டைகள் மிஞ்சின. புஷ்பம் மேசைக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஒன்றை எடுத்து நெஞ்சில் குத்தினார். அதில் எழுதியிருந்தது ஒரு ஹெயிட்டி நாட்டு ஆணின் பெயர்.

வாய்ப்பேச்சில் அவர் மோசமில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வார். வாசிக்கச் சொன்னால் தலையிடி, கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். மிஸிஸ் ஆலிஸ் அதைக் கவனமின்மை என்று எடுத்துக்கொண்டார். தொடர்ந்து இரண்டு பாடத் தவணையும் முன்னேற்றம் இல்லாதவரின் இடம், வெளியே காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும் என்பது அங்கே ஒழுங்கு.

அந்த நாட்களில்தான் பின் கதிரையில் ஒரு புதுக்கதை தொடங்கியது.

"தவமணி அக்கா, எங்கட பக்கம் ஒரு மனிசி இருந்தவ," என்றார் புஷ்பம். "சின்னனிலயே வயல் வேலைக்கு விட்டிட்டினம். பள்ளிக்கூடப் படியே மிதிக்கேல்ல. தமிழெழுத்தே தெரியாது. அவ உப்பிடி ஒரு சோதினைக்குப் போனா என்ன செய்வா?"

"எழுத்துச் சோதினையில தவறினா, பிரஜாவுரிமை குடுக்கிற நீதவான் கூப்பிட்டு வாயால கேப்பாராம். வாயால சொல்லப் பழக்கிவிட்டா அதுவே காணும்."

"ஆர் பழக்கிறது?"

"ஆரும் ஒரு மிஸ் மனம் வைச்சாப் பழக்கலாம்தான். பெரிய மிஸ்ஸிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலாம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மனிசி யார் என்று விளங்க எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் இருக்கும் இடத்தில் எனக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு பாரம் என்று எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை குழம்பியது. மிஸிஸ் ஆலிஸிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தமிழ் கதைத்தாயா என்பார். புஷ்பத்திடமே சொன்னால், இவ்வளவு காலமும் எங்கள் கதையெல்லாம் கேட்டாயா என்று அந்த மனிசி கூனிப்போவார். சொல்லாவிட்டால் இடம் போகும். இடம் போனால் மகளைப் பார்க்க முடியாது. குறுக்கு வழியாக ஒன்று செய்தேன்: பெயர் அட்டைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் படம் வரைந்தேன். புஷ்பத்துக்கு ஒரு பூ. மிஸிஸ் ஆலிஸ் பார்த்து "லவ்லி" என்றார். பிறகு மூக்கால் மூச்சு. இது பாலர் வகுப்பு அல்ல என்று புது அட்டைகள் எழுதச் சொன்னார்.

பின் கதிரைக் கதை நாளுக்கு நாள் சத்தமாகியது. "சிலபேருக்குக் காது இருக்கும், வாய்தான் இராது," என்பார் தவமணி அக்கா. யாரைச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவேயில்லை. அவர்களுக்குள் என்ன பிரச்சினையோ என்று நினைத்துக்கொண்டு அடுத்த கதிரைக்குப் போவேன்.

தவணை முடியும் வாரம். இடைவேளைக்கு மிஸிஸ் ஆலிஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தேத்தண்ணி குடித்து முடிந்ததும் புஷ்பத்தை என்னிடம் அனுப்பு. தனியாகச் சொல்வதுதான் மரியாதை." என் கையில் பால் குவளை. பின்னால் புஷ்பம் தவமணியிடம் சொல்வது கேட்டது.

"எனக்குத் தெரியுமக்கா. இண்டைக்குச் சொல்லப் போறா. பரவாயில்லை. மகளிட்ட இந்த வருசமும் இல்லையெண்டு சொல்லுவம்."

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. திரும்பினேன். "புஷ்பமக்கா, கொஞ்சம் பொறுங்கோ. பெரிய மிஸ்ஸிட்ட நான் கதைக்கிறன். வாயால சோதினை எடுக்கிறதுக்கு நானே பழக்கிவிடுறன்."

தமிழில் சொல்லிவிட்டேன். அறை நடுவில், சத்தமாக.

தவமணி அக்கா நெஞ்சில் கை வைத்தார். "அப்பாடா! இப்பவாவது வாய் திறந்தியளே! கத்திக் கத்தி என்ர தொண்டை வத்திப் போச்சு."

"உங்களுக்கு... நான் தமிழெண்டு..."

"முதல் கிழமையே 'மாதாவே' எண்டு கத்தேக்க தெரியும். மன்னார் எண்டும் தெரியும், உங்கட பெரியப்பான்ர மகன் இங்க லவாலில இருக்கிறதும் தெரியும். நாங்கள் சொன்ன உடன சுவெற்றர் திரும்பிச்சுதே, பிறகென்ன?"

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"நீங்கள் தெரியாது எண்டு சொன்னியள். சொன்ன மனிசிக்கு ஏதோ காரணம் இருக்கும். உங்கட மரியாதையை நாங்கள் ஏன் கெடுக்கிறது? அதுதான் நேர கேக்காமச் சாடையாச் சொன்னம். நீங்களெண்டா மரம்மாதிரி நிண்டியள்!"

மருமகளுக்குச் சொல்வதைப் பூனைக்கு ஏசுவதுபோல் மாமி சாடை பேசும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என்னிடம்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு ஏன் ஏறவில்லை?

நான் சிரிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்திருந்தது. தமிழ் தெரியாதவளாக வைத்துக்கொண்ட ஒருத்திக்கு முன்னால் இறக்கி வைத்த பாரத்தை நான் எல்லோர் நடுவிலும் தூக்கிக் காட்டிவிட்டேன். 'எங்கட பக்கம் ஒரு மனிசி' என்ற மறைப்பு இனி இல்லை. புஷ்பம் மட்டும்தான் அங்கே நின்றார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

மிஸிஸ் ஆலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டேன். அவர் கைக்குட்டையைச் சோக்கட்டியிலிருந்து பிரித்தார், மறுபடி சுற்றினார். "வாசிக்கவே தெரியாது," என்றார் தனக்குள். "நான் கண்ணாடி வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்." பிறகு, இடம் இருக்கும், அவரைக் கூப்பிடு என்றார். விதியை மீறியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சான்றிதழைப் பற்றியும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாரா? அதுவும் எனக்குத் தெரியாது.

இடம் இருந்தது, ஆள் வரவில்லை. ஒரு வாரம், அடுத்த வாரம். நான் வாய் திறந்ததால்தான் அவர் போனார். திறக்காவிட்டாலும் போயிருப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே கதிரை அடுக்கினேன்.

பிறகு ஒருநாள் தவமணி அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார்.

"புஷ்பம் வாறாவாம். ஆனா ஒரு கொண்டிஷன்."

"என்னக்கா?"

"மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாதெண்டா வாறாவாம்."

 நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: மன்னிக்கவும், நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

"அச்சா மிஸ்," என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வகுப்புக்குப் புஷ்பம் வந்தார். மேசையில் எல்லா அட்டைகளும் இருந்தன. அவருடையதை மட்டும் நான் மேசையின் வலது மூலையில், ஒழுங்கில் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தேன். நேரே போய் எடுத்துக் குத்திக்கொண்டார். மிஸிஸ் ஆலிஸ் பார்த்தார். மூக்கால் மூச்சு விடவில்லை.

அதிலிருந்து இடைவேளைகளில் நான் அவருக்கு வாயால் பழக்கினேன். மாகாணங்கள், பிரதமர், வாக்குரிமை. எல்லாம் ஆங்கிலத்தில். விளங்காவிட்டால் அவர் என்னைக் கேட்கமாட்டார். தவமணியிடம் தமிழில், "வாக்குரிமை எண்டா என்னவோ தெரியேல்ல" என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே வேறு விதமாக, இலகுவான ஆங்கிலத்தில் சொல்வேன். அவருக்கு நல்ல ஞாபகசக்தி. எழுத்தை நம்பாத மூளை, ஒன்றையும் விடாது. எழுத்துச் சோதனையில் தவறினார், அது தெரிந்ததுதான். பிறகு நீதவான் கூப்பிட்டார். புஷ்பம் போனார், வாயால் சொன்னார், வென்றார்.

சத்தியப்பிரமாணம் முடிந்து கடைசியாக வகுப்புக்கு வந்த நாளில் வடை கொண்டுவந்திருந்தார். மிஸிஸ் ஆலிஸ் ஒன்றைக் கடித்துப் பார்த்து "லவ்லி" என்றார், மூச்சில்லாத லவ்லி. நான் குவளைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில், என்னைப் பார்க்காமல், புஷ்பம் சொன்னார்.

"அக்கா, இந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா ஒரு நாள் வீட்டை கூப்பிட்டுச் சமைச்சுக் குடுத்திருப்பன்."

"என்ன சமைப்பாய்?"

"நண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகளிட்டப் போறதுக்கு முதல்."

தவமணி அக்கா குரலை உயர்த்தினார். "எங்க, உன்ர வீடு மெத்ரோவுக்குப் பக்கத்தில, ரொட்டிக் கடைக்கு மேல, ரெண்டாம் மாடியெல்லே? நீல நிறக் கதவெல்லே?" அதையே இன்னொரு தரமும் சொன்னார்.

என்ன சொல்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "நத்திங் மிஸ்," என்றார் தவமணி அக்கா. "வெதர்."

நிவேதாவுக்கு என்ன பதில் சொல்வது? இதை எழுதி முடிக்கப் போகிறேன், இன்னும் தெரியவில்லை. பேசு என்றால் ஒரு புஷ்பம் எழும்பிப் போய்விடுவார். பேசாதே என்றால் இன்னொரு புஷ்பத்தின் இடம் போய்விடும். அந்த இரண்டு அம்மாமாரும் தங்களுக்குள் என்ன கதைக்கிறார்கள் என்று முதலில் கேள் பிள்ளை, அதுவரை போனை மேசையில் கவிழ்த்து வை என்று மட்டும் சொல்லலாம்.

அந்த ஞாயிறு நான் போனேன். நீலக் கதவைத் திறந்த புஷ்பம், உள்ளே வாருங்கள் மிஸ், மேலங்கியைத் தாருங்கள் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னார். தவமணி அக்கா ஏற்கனவே வந்திருந்தார். மூன்று பேரும் கையால் நண்டை உடைத்து, உறிஞ்சிச் சாப்பிட்டோம். முடியும் வரை ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். கறிக்கு உப்புக் கொஞ்சம் கூட. அதைத் தமிழில் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.